எட்டு இடைவெளி

இனி எல்லாருக்கும் ஒரே எடிட்டர் என்று
ஒத்தாவியோ அறிவித்தது ஒரு திங்கட்கிழமை.
துறைமுகக் கிடங்கில் எத்தனை காப்பி மூட்டை,
எது எத்தியோப்பியா, எதில் ஈரம் ஏறியது
என்று கணக்கு வைக்கும் நிரலுக்கு
நாங்கள் ஐந்து பேர், ஆறு எடிட்டர்.
ஆறாவது, துல்லியோ வீட்டில் ஒளித்துவைத்திருப்பது.

திரியெஸ்தெயில் அன்று போரா.
மேட்டிலிருந்து இறங்கிக் கடலைப் பார்த்து ஓடும் காற்று.
குப்பைத்தொட்டிகளில் குடைகள்
காலை மேலே தூக்கிக் கிடந்தன.
சன்னல் சட்டம் நறநறவென்று பல்லைக் கடிக்க
உள்ளே நாங்கள் அதைவிட மோசமாக அடித்துக்கொண்டோம்.

என்னுடையது பழையது. மவுஸ் தொடாதது.
எழுத ஒரு நிலை, ஏவ ஒரு நிலை.
உள்ளே போனவன் வெளியே வரத் தெரியாமல் மாட்டும்
சக்கரவியூகம் என்றான் துல்லியோ.
எனக்கு வழி தெரியும் என்றேன்.
பதினாறு வருஷமாக வெளியே வரவில்லை என்பது
வேறு விஷயம்.

அவனுடையது கனம்.
திறந்து முடிப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம்.
கருநீலப் பின்னணி, ஆரஞ்சுச் சொற்கள்,
கண்ணுக்கு எவ்வளவு இதம் பாருங்கள் என்று
ஸ்கிரீனை ஒவ்வொருவர் பக்கமாகத் திருப்பினான்.
நெவெங்கா பக்கமும் திருப்பினான்.
அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"இதம்தான், சரி," என்றாள் நெவெங்கா.
"வாய் இருக்கா?"

ஒரு காதில் மட்டும் ஹெட்போன்,
மறு காது எங்களுக்கு.
அவள் கேட்கும் குரலின் வேகம்
நமக்குக் கடுகு வெடிப்பது மாதிரி.
துல்லியோவுடையது அரை நிமிஷம் யோசித்து
பொத்தான், பொத்தான், பெயரில்லாத பொத்தான் என்றது.
என்னுடையது
பேசவேயில்லை.
பதினாறு வருஷம் கூட இருந்தும்
அது ஊமை என்று எனக்குத் தெரியாது.
நான் எதுவும் கேட்டதில்லை.

அவள் எடுத்துக்கொண்டது
சண்டையில் யாரும் பெயர்கூடச் சொல்லாதது.
கம்ப்யூட்டர் வாங்கினால் தானே ஒட்டிவரும்,
மளிகைச் சீட்டு எழுதத்தான் லாயக்கு.
ஆனால் வரி தொடங்குமுன்
நான்கு இடைவெளி, எட்டு இடைவெளி என்று
அவள் காதில் ஒழுங்காகச் சொன்னது.
போரா நாளில் சரிவுத் தெருக்களில் முன்பு கட்டுவார்களே,
அந்தக் கயிறு மாதிரி என்றாள்.
பிடித்துக்கொண்டே போய்விடலாமாம்.

புதன் மாலை.
கடைசியாகக் கிளம்பியவன் நான்
(என்று நினைத்தேன்).
அவள் மேசையில் ஸ்கிரீன் கறுப்பு.
மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் நல்ல மனிதனாக
சுவிட்சைத் தட்டினேன்.
உறுமல் ஒன்று அடங்கியது.
அவள் ஸ்கிரீன் என்றைக்குமே கறுப்புதான்.
அதற்கு அவள் ஏன் மின்சாரம் செலவழிக்க வேண்டும்?

கையில் காப்பியோடு வாசலில் நின்றாள்.
அடங்கியதைக் கேட்டிருந்தாள்.
"நாற்பது வரி," என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் சொன்னது:
"என்னுடையதாக இருந்தால் ஒரு நகல் வைத்திருக்கும்."

"வைத்திருக்கும்.
எங்கே என்று எனக்குச் சொல்லாது."

பிறகு உட்கார்ந்து திரும்ப அடித்தாள்.
கோட்டைக் கழற்றாமல் நானும் உட்கார்ந்திருந்தேன்,
எதற்கென்று தெரியாமல்.
கடுகு வெடித்துக்கொண்டேயிருந்தது.
முடிந்தபோது முப்பத்தெட்டு வரி.
மற்ற இரண்டு தேவைப்படவில்லை என்றாள்.
அதற்காக எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள்.

வெள்ளியன்று ஒத்தாவியோ கைவிட்டார்:
எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள்,
டேப் மட்டும் வேண்டாம், இடைவெளியாகவே வையுங்கள்.
யாரும் வாதாடவில்லை. காற்றும் ஓய்ந்திருந்தது.

இப்போது அந்தச் சுவிட்சின் மேல் ஒரு தாள்:
தொடாதே, ஓடிக்கொண்டிருக்கிறது.
துல்லியோ அச்சடித்து ஒட்டியது.
கருநீலத்தில் ஆரஞ்சு.
கண்ணுக்கு, உண்மையிலேயே, இதமாகத்தான் இருக்கிறது.